சேற்றில் இறங்கிய பாஸ்போர்ட் வண்டி

வண்டி புத்தம் புதிது. மண்டல அலுவலக வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முகப்பில் சந்தனம் குங்குமம் பூசி அனுப்பிவைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியே நீலமும் வெள்ளையும் அடித்து, உள்ளே ஏசி, கேமரா, கைரேகைக் கருவி, கம்ப்யூட்டர்கள், இவற்றையெல்லாம் இணைக்கும் ஒயர் கூட்டம் என்று ஒரு சின்ன அலுவலகத்தையே சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டுக்காக ஜனங்கள் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து காத்துக் கிடந்தது போதும், அலுவலகமே அவர்களிடம் போகட்டும் என்பது ஏற்பாடு.

அந்த வண்டிக்குப் பொறுப்பேற்று முதல் தடவையாகப் புறப்பட்டாள் குந்தவை. திருவையாற்றுப் பெண். உதவியாளராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி, படிப்படியாக மேலே வந்து, போன மாதம்தான் அனுமதி வழங்கும் அதிகாரியாகியிருந்தாள். அதாவது, ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கலாமா கூடாதா என்று கடைசியாகத் தீர்மானிக்கிற நாற்காலி அவளுடையது. அலுவலகத்தில் இருக்கும்வரை சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக்குப் போய் மேலதிகாரி ரெத்தினத்திடம் கேட்டுக்கொள்ளலாம். வண்டியில் பக்கத்து அறை கிடையாது.

கீழ்வேளூர் தாலுகா அலுவலக வளாகத்தில் இரண்டு நாள் முகாம். திருவாரூரைத் தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் ஓரிடத்தில் வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ‘மாற்றுப் பாதை’ என்று அம்புக்குறி காட்டிய பக்கம் டிரைவர் வைத்தியலிங்கம் வண்டியைத் திருப்பினார். ஆழியக்குடி வழியாகப் போகும் வயல் சாலை அது. இரண்டு பக்கமும் சம்பா நடவு. முந்தின நாள் பெய்த மழையில் சாலையும் வயலும் ஒரே நிறத்தில் கிடந்தன.

எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் கோத்திருந்த டிப்பர் நிறைய நாற்றுக்கட்டு. அதற்கு வழிவிடுவதற்காக வைத்தியலிங்கம் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், இடது பக்கம் ஒதுங்கினார். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். பின்சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்க, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே கேமராவும் கணினியும் பார்த்துக்கொள்கிற ஷோபனா, மடியில் வைத்திருந்த டிபன்பாக்ஸோடு குந்தவையின் மேல் வந்து விழுந்தாள்.

“எலுமிச்சம்பழம் வச்சும் பிரயோஜனமில்ல மேடம்,” என்றார் வைத்தியலிங்கம், முகம் செத்துப்போய்.

டிராக்டரை நிறுத்திவிட்டு ஓட்டிவந்தவர் இறங்கினார். நைட்டிக்கு மேல் முழுக்கை சட்டை, தலையில் துண்டு, வாயில் அரைச் சிரிப்பு. நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு வைத்தியலிங்கத்தைப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்குண்ணே ஒதுங்குனீங்க? நானில்ல வயல்ல எறங்கி நின்னுருப்பேன்!”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க கேட்டீங்களா?”

அவள் பெயர் செம்மொழி. சொந்த டிராக்டர். ஆழியக்குடியிலும் சுற்றுப்பட்டிலும் உழவு, டிப்பர் சவாரி, எதுவென்றாலும் அவளுக்குத்தான் போன் போகுமாம். வண்டியை இழுத்துவிட வழக்கமான வாடகைதான் என்றாள். வைத்தியலிங்கம் பேரம் பேசிப் பார்த்தார். சாய்ந்து நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேரம் பேசினால் எடுபடுமா? ஒப்புக்கொண்டார்.

டிப்பரைக் கழற்றிவிட்டு, கயிற்றைக் கட்டி, செம்மொழி டிராக்டரை எடுத்தாள். வண்டி ஒரு அசைவு அசைந்தது. ஷோபனா கைதட்டினாள். அடுத்த நொடி கயிறு படாரென்று அறுந்தது. முன்னைவிட ஒரு சாண் ஆழமாகச் சக்கரம் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

செம்மொழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அவசரப்பட்டுட்டேன்.”

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ரெத்தினம் போன் செய்தார். “என்ன குந்தவை, போய்ச் சேர்ந்தாச்சா?”

“பக்கத்துல வந்துட்டோம் சார்,” என்றாள் குந்தவை, முழங்காலளவு சேற்றைப் பார்த்தபடி. அதில் பொய் ஒன்றுமில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

வைத்தியலிங்கத்துக்கு அதற்குள் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். வண்டியின் கனத்தையும் குறைக்க வேண்டும் என்றார். ஆகவே, அரசாங்கத்தின் கேமராவும் கைரேகைக் கருவியும் கணினிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குந்தவை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராப் பெட்டியைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நடந்தாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். குறுவை அறுத்த வைக்கோலில் நாலைந்து கட்டு கொண்டுவந்து சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள். கயிற்றை இரண்டாக மடித்துக் கட்டினாள் செம்மொழி.

“இந்தத் தடவை நீங்க சொல்லுங்கண்ணே, நான் எடுக்கறேன்,” என்றாள் வைத்தியலிங்கத்திடம்.

அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கையை அசைத்தார். முன்னால் டிராக்டர் உறுமியது. பின்னால் நடவாட்களும் ஷோபனாவும் குந்தவையும் சேர்ந்து தள்ளினார்கள். சக்கரம் சுற்றிய வேகத்தில் சேறு மழையாகத் தெறித்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி மேலே ஏறி நின்றபோது, குந்தவைக்குத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் எதிரே நிற்பது யாரென்று தெரியவில்லை. எல்லாரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிகளைத் திரும்ப ஏற்றினார்கள். வாடகையைக் கொடுத்து, ரசீதுக்கு வைத்தியலிங்கம் ஒரு தாளில் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். செம்மொழி வண்டியைச் சுற்றிவந்து பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

“பாஸ்போர்ட்டா? இந்த வண்டியிலயா குடுக்குறீங்க?”

“இதுலயே கையில குடுக்க மாட்டோம்,” என்றாள் குந்தவை. “இதுல பதிஞ்சுட்டுப் போனா, சரிபார்த்து வீட்டுக்குத் தபால்ல வந்துரும்.”

“எனக்கு ஒன்னு கிடைக்குமா மேடம்?”

“எந்த நாட்டுக்குப் போறீங்க?”

“நாடா?” செம்மொழி யோசித்தாள். சுற்றி நின்ற நடவுப் பெண்களைப் பார்த்தாள். “இப்போதைக்கு எங்கயும் இல்லீங்க. போகணும்னு தோணுனா போறதுக்குக் கையில ஒன்னு இருக்கட்டுமேன்னு.”

வைத்தியலிங்கம் சிரித்துவிட்டார். “ரேஷன் கார்டு மாதிரி சொல்லுதே இந்தப் பொண்ணு!”

“ஏன், எங்கயும் போகாதவங்களுக்குக் குடுக்க மாட்டீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை அவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குந்தவை விண்ணப்பத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். எந்த நாடு, என்ன வேலை, மகனைப் பார்க்கவா, மகளைப் பார்க்கவா என்று எத்தனையோ பேரிடம் அவள் கேட்டிருக்கிறாள். பழக்கதோஷம். அவர்களும் தயங்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில் அப்படியொரு கேள்வியே கிடையாது. நீ யார், எங்கே பிறந்தாய், எங்கே குடியிருக்கிறாய், உன் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்றுதான் அரசாங்கம் கேட்கிறது. எதற்காகப் போகிறாய் என்று கேட்க அந்த நாற்காலிக்கு அதிகாரம் இல்லை என்பது, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான், இந்தச் சேற்றில் நின்றுகொண்டுதான் அவளுக்கு உறைத்தது.

“குடுப்போம்,” என்றாள். “காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா போன்ல முதல்ல விண்ணப்பம் போட்டு, நேரம் வாங்கிட்டுத்தான் வரணும். இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு சாயந்திரம் ஒன்னு ரெண்டு இடம் காலியா இருக்கும்னு நினைக்கறேன்.”

“போன்லயேவா?”

“போன்லயேதான். பணமும் அதுலயே கட்டிரலாம்.”

வண்டி கிளம்பும்போது குந்தவை ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். செம்மொழி டிப்பரில் நாற்றுக்கட்டுகளின் உச்சியில் ஏறி நின்று, சிக்னல் கிடைப்பதற்காக போனை வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைய முகாம் தாமதமாகத் தொடங்கினாலும் நன்றாகவே நடந்தது. வளாகத்தில் காத்திருந்தவர்கள் சேறு பூசிய வண்டியையும் அதைவிடச் சேறு பூசிய அதிகாரிகளையும் பார்த்து முதலில் திகைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மாலைக்குள் ஆழியக்குடி கதை கீழ்வேளூர் பூராவும் பரவிவிட்டது.

மறுநாள் சாயந்திரம் செம்மொழி வந்தாள். அரக்குநிறப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. குந்தவைக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கூடவே அவள் கணவன் வசந்தகுமார், பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, “இப்பவே வெளிநாட்டுக்குக் கெளம்புற மாதிரி வந்துருக்கா மேடம். நேத்து ராத்திரியே ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு கேட்டுட்டா,” என்றான்.

“நீ வெளிய நில்லு,” என்றாள் செம்மொழி.

போட்டோ எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்கச் சொன்னாள் ஷோபனா. செம்மொழியால் முடியவில்லை. உதட்டை இறுக்கினால் கன்னம் சிரித்தது. கன்னத்தை அடக்கினால் கண் சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே வசந்தகுமார் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, திரையை இழுத்துவிட்ட பிறகு ஒரு படம் தேறியது. கைரேகை அதற்கு மேல். வருஷக்கணக்கில் ஸ்டியரிங்கும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்கவே இல்லை. துடைத்துப் பார்த்தார்கள், ஈரத்துணி கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் செம்மொழி விரல்களை எண்ணெய் வைத்த தலையில் ஒரு தடவு தடவிக்கொண்டு வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லிரலாம் போல,” என்றாள் ஷோபனா.

அதற்கப்புறம்தான் ஷோபனாவின் முகம் மாறியது. இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு குந்தவையின் மேசைக்கு வந்தாள். “மேடம், ஒரு நிமிஷம்.”

ஆதார் அட்டையில் செம்மொழியின் பெயர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டு ஆரம்பித்து, ‘ழ’வுக்கு ‘இசட் ஹெச்’ போட்டு ஒழுங்காக இருந்தது. பிறந்த தேதிக்கு அவள் காட்டிய டிரைவிங் லைசென்ஸில் அதே பெயர் ‘சி ஹெச்’சில் ஆரம்பித்து, நடுவில் ஒரு ‘எம்’ காணாமல் போய், ‘ழி’க்கு வெறும் ‘எல் ஐ’ போட்டு முடிந்திருந்தது. அப்படியே வாசித்தால் செமொலி.

“செமொலியா?” என்றாள் செம்மொழி. “ஐயோ, அதை நான் இங்கிலீஷ்ல படிச்சுப் பாத்ததே இல்லீங்க. போலீஸ் நிறுத்துனா காட்டுவேன், அவங்களும் படத்தைப் பாத்துட்டுக் குடுத்துருவாங்க.”

“வேற பேர் ஏதாவது உண்டான்னு ஒரு கேள்வி இருந்துச்சே. இல்லைன்னு போட்டிருக்கீங்க?” என்றாள் குந்தவை.

“எனக்கு எதுக்கு மேடம் வேற பேரு? நான் என்ன கேடியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து பிசகினால் விமான நிலையத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று நம்புவதா, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று நிறுத்திவைப்பதா? இப்படிப்பட்ட இடத்தில் சட்டப் புத்தகம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரி. அதாவது அவள்.

“இந்த ஆதாரத்தோட மட்டும் இப்போ முடிக்க முடியாது,” என்றாள் குந்தவை மெதுவாக.

வாசல்படியில் தன் முறைக்காகக் காத்திருந்த ஜாஃபர் சாதிக் காதில் அது விழுந்துவிட்டது. கீழ்வேளூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மலேசியாவில் தம்பி மகன் கல்யாணத்துக்குப் போவதற்காகக் காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வந்திருந்தார். அவர் குரல் கடைக்கு வெளியே நிற்பவரையும் உள்ளே அழைத்துவிடுகிற குரல்.

“என்னம்மா அநியாயமா இருக்கு! வண்டியை இழுத்தவங்களையே இழுத்தடிக்கிறீங்களே!”

வெளியே வரிசை முழுவதும் கொல்லென்று சிரித்தது. வைத்தியலிங்கம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். குந்தவையின் காது சிவந்தது.

“இழுத்ததுக்கு வாடகை குடுத்தாச்சு பாய்,” என்றாள். “இது வேற.”

“ஆமாண்ணே, வாங்கிட்டேன்,” என்றாள் செம்மொழியும், திரும்பிப் பார்த்து. “இதுல அதைச் சேக்காதீங்க.”

சிரிப்பு அடங்கியது. ஆனால் குந்தவையின் மனசு அடங்கவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டால், நேற்றைய உதவிக்குக் கைம்மாறு என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லுமே என்று பயந்து நிறுத்திவைத்தால், அது மட்டும் என்ன நியாயம்? டிராக்டரை மனசிலிருந்து கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பெண்ணை நேற்றுப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். கையில் இந்த இரண்டு தாள். அப்போது என்ன செய்வாய்?

அப்படி யோசித்ததும் வழி எளிதாகத் தெரிந்தது. யாராயிருந்தாலும், பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்திருக்கிற வேறொரு நல்ல ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பாள். அதைத்தான் கேட்டாள்.

“பத்தாவது படிச்சிருக்கீங்களா?”

செம்மொழி தயங்கினாள். “படிச்சேன்.”

“மார்க் ஷீட் இருக்கா?”

“இருக்கு. வீட்டுல இருக்கு.”

“அதை ஏன் கொண்டு வரல? முதல்ல அதைத்தானே எல்லாரும் கொண்டு வருவாங்க?”

முதல் தடவையாகச் செம்மொழியின் முகத்தில் வெட்கம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கணக்குல முப்பத்தஞ்சு மேடம். சரியா முப்பத்தஞ்சு. அதைப் போயி கவர்மெண்டு கிட்ட யாராவது காட்டுவாங்களா?”

ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டாள். குந்தவை உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “நாங்க கணக்கு மார்க் பாக்க மாட்டோம். பேரும் பிறந்த தேதியும்தான். எவ்வளவு நேரத்துல கொண்டு வர முடியும்?”

செம்மொழி ஜன்னல் திரையை விலக்கினாள். “யோவ்! பீரோவுல மேல் தட்டு, என் கல்யாணப் புடவைக்கு அடியில. போ, சீக்கிரம்!”

வசந்தகுமார் என்ன ஏதென்று கேட்கவில்லை. பைக் பறந்தது. அதற்குள் ஜாஃபர் சாதிக்கை உள்ளே அழைத்து, அவர் வேலையை முடித்து அனுப்பினாள் குந்தவை. வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இந்தக் கதை எப்படி முடிகிறது என்று பார்க்காமல் நகர்வதில்லை என்று வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் மங்குவதற்குள் வசந்தகுமார் திரும்பிவிட்டான். மார்க் ஷீட்டை அவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் தெளிவாக இருந்தது. ஆதாரில் உள்ள அதே எழுத்துகள். பிறந்த தேதியும் லைசென்ஸில் உள்ளதுதான்.

“முப்பத்தஞ்சா?” என்றான் வசந்தகுமார், எட்டிப் பார்த்து. “எங்கிட்ட அறுவத்தஞ்சுன்னுல்ல சொன்ன?”

“கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னது அதெல்லாம்.”

லைசென்ஸில் உள்ள பெயரையும் விண்ணப்பத்தில் சேர்த்து எழுத வைத்து, இரண்டும் தானே என்று செம்மொழியிடம் கையெழுத்து வாங்கினாள் குந்தவை. லைசென்ஸை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்திக்கொள்ளும்படியும் சொன்னாள். பிறகு திரையில் ‘வழங்கலாம்’ என்பதை அழுத்தினாள். அழுத்துவதற்கு முன் ஒரு நொடிகூட விரல் நிற்கவில்லை என்பதை அவளே கவனித்தாள். வெளியே ஜாஃபர் சாதிக் கைதட்டினார். அவர் தட்டியதும் வரிசையும் தட்டியது.

அலுவலகம் திரும்பியதும் நடந்தது அத்தனையையும் ஒரு குறிப்பாக எழுதி ரெத்தினத்தின் மேசையில் வைத்தாள் குந்தவை. வண்டி சேற்றில் இறங்கியது, இழுத்தது யார், அதே பெண்ணின் விண்ணப்பத்தைத் தான் ஏற்றது, ஏற்றதற்குக் காரணம், எதையும் விடவில்லை. அரைமணி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“வண்டி சேத்துல இறங்கிடுச்சா?”

“ஆமா சார்.”

“பம்பர்ல கீறல் உண்டா?”

“இல்ல சார்.”

“அப்போ ‘பக்கத்துல வந்துட்டோம்’னு சொன்னது அந்த இடத்துல இருந்துதானா?”

குந்தவை தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமா சார்.”

“ம்.” ஒரு பக்கத்தைப் புரட்டினார். “இந்த விண்ணப்பத்துல நான் என்ன பாக்கணும்?”

“அவங்கதான் சார் வண்டியை இழுத்தவங்க. அதான் உங்களுக்குத் தெரியணும்னு…”

“அது தெரிஞ்சு நான் என்ன பண்ண? ஆதாரம் சரியா இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“பின்ன என்ன?” என்றவர் ஃபைலை மூடி அவள் பக்கம் தள்ளினார். அவள் கதவுவரை போனதும் கூப்பிட்டார். “குந்தவை, டயர்ல காத்தை இறக்கச் சொன்னது யாரு? வைத்தியலிங்கமா? கெட்டிக்காரன். நானாயிருந்தா எனக்குத் தோணியிருக்காது.”

அதற்குப் பிறகு செம்மொழியின் செய்திகளெல்லாம் வைத்தியலிங்கம் வழியாகத்தான் வந்தன. ரசீதுக்காக வாங்கிய நம்பர் அவர் போனிலேயே இருந்தது. முகாமுக்கு முகாம் போகும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் கதை சொல்வார். போலீஸ் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் கையில் டேப்லெட்டோடு ஆழியக்குடிக்குப் போனாராம். டிராக்டர் யார் மேலேயோ மோதிவிட்டது என்று நினைத்து ஊரே கூடிவிட்டதாம். “செம்மொழி நல்லவளா?” என்று காவலர் கேட்டதற்கு, நடவுப் பெண்களில் ஒருத்தி, “உழவு நேரத்துல கூப்பிட்டா மட்டும் போன் எடுக்க மாட்டா, மத்தபடி நல்லவதான்” என்றாளாம். காவலர் அதையும் பதிந்துகொண்டாரா என்று வைத்தியலிங்கத்துக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட் வந்த அன்றைக்கு, அட்டைக்குள்ளே சிப் இருக்கிறது என்று தபால்காரர் சொல்ல, எங்கே எங்கே என்று ஊர் முழுக்கத் தடவிப் பார்த்து, கடைசியில் செம்மொழி அதைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டாளாம்.

“எங்க போகப் போறாளாம்?” என்று ஷோபனா கேட்பாள்.

“அறுவடை முடியட்டும்னு சொல்லுது,” என்பார் வைத்தியலிங்கம்.

கீழ்வேளூரில் அடுத்த முகாம் நடந்தபோது வரிசையில் சேற்று வயலில் பார்த்த முகங்கள் இரண்டு இருந்தன. அன்றைக்கு வண்டியைத் தள்ளிய நடவுப் பெண்கள். விரல்களைத் தலையில் தடவிக்கொண்டு தயாராக நின்றார்கள். எந்த நாட்டுக்கு என்று குந்தவை கேட்கவில்லை. அவர்களாகவே சொல்லவும் இல்லை.

சம்பா அறுத்து, உளுந்து தெளித்து, மாசி கழிந்து பங்குனி பிறந்தது. வண்டி திருக்கடையூரில் நின்றிருந்தது. கோயிலில் அறுபதாம் கல்யாணம் முடித்த ஒரு தம்பதி, கழுத்தில் மாலையோடு நேராக முகாமுக்கு வந்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் மகன் அழைத்திருக்கிறானாம். மாலையைக் கழற்றினால்தான் போட்டோ எடுக்க முடியும் என்று ஷோபனா சொல்ல, இன்றைக்குப் பூராவும் கழற்றக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்ல, உள்ளே ஒரே அமர்க்களம்.

வைத்தியலிங்கம் தன் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். “மேடம், பேசுங்க. வெளிநாட்டுக் கால்!”

குந்தவை வண்டியை விட்டு இறங்கி, நிழலில் நின்று காதில் வைத்தாள்.

“மேடம், நான் செம்மொழி பேசுறேன். யாழ்ப்பாணத்துலேர்ந்து!”

“யாழ்ப்பாணமா? எப்ப போனீங்க?”

“நேத்து நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனோம். நானும், நம்ம நடவுக்கு வர்ற ரெண்டு பேரும். அவரு மாட்டைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்காரு. கப்பல்ல மூணு பேரும் வாந்தி. எறங்குனதும் சரியாயிடுச்சு.” அவள் மூச்சுவிடாமல் பேசினாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் காக்கைச் சத்தமும் கேட்டன. “மண்ணு செவப்பு மேடம்! நம்ம ஊருல கரேல்னு பாத்துட்டு, இங்க பாத்தா குங்குமம் கொட்டுன மாதிரி கெடக்கு. பனமரம் எத்தனைங்கறீங்க! பேசுறதும் நம்ம பேச்சுதான், ஆனா கொஞ்சம் பாட்டு மாதிரி பேசறாங்க. நெல்லு நாத்து விடாம நேரா விதைச்சே வுட்டுடறாங்களாம். அறுத்த தாளு நிக்குது, எறங்கிப் பாத்துட்டோம்.”

“நல்லா இருக்கா ஊரு?”

“நல்லா இருக்கு. மேடம், இங்க ஒரு டிராக்டர் இருக்கு, ரெண்டே சக்கரம்! பின்னாலேயே நடந்துகிட்டு ஓட்டுறாங்க, இல்லன்னா பெட்டியைக் கோத்துகிட்டு உக்காந்து ஓட்டுறாங்க. லேண்ட்மாஸ்டர்ங்கறாங்க அதுக்கு. நேத்துலேர்ந்து நான் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். வண்டிக்காரருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு போல…”

யாரோ ஓர் ஆண் அந்தப் பக்கம் ஏதோ சொன்னார். செம்மொழி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “நெஜமாவா? நானா?” என்று கேட்பது குந்தவைக்குக் கேட்டது.

“வச்சிரட்டுமா மேடம்?” என்றாள் அவசரமாக. “ஒரு சுத்து ஓட்டிப் பாக்கச் சொல்றாரு!”

போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு சக்கர எஞ்சின் டக்டக்கென்று கிளம்புவதையும், பெண்கள் கூச்சலிட்டுச் சிரிப்பதையும், வைத்தியலிங்கமும் கேட்கட்டும் என்று குந்தவை போனைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.